ரிட்டயர்மென்ட்டுக்கு சேக்கணும்னு சில பேருக்கு மட்டும் சீக்கிரமே தோணுதே, எதனால?

என்னை கேட்டா, வீட்ல யாரோட முதுமைய பக்கத்துல இருந்து பாத்தோம்ங்கறது தான் பெரிய காரணம். எங்கப்பா கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல வேலை பாத்தவரு, பிஎஃப் பணம் முழுசும் அக்கா கல்யாணத்துக்கும் வீட்டுக்கு கான்கிரீட் போடவும் போயிடுச்சு, இப்ப பென்ஷன் ரெண்டாயிரத்துக்கும் கம்மி. எதிர் வீட்டு வாத்தியார் அரசாங்கத்தோட பழைய பென்ஷன் திட்டத்துல இருக்கறவரு, அவருக்கு டிஏ (அகவிலைப்படி) ஏற ஏற பென்ஷனும் ஏறுது. அப்பா மாத்திரை சீட்ட என் மேசை மேல வச்சுட்டு ஒண்ணும் சொல்லாம போயிடுவாரு. ஆபீஸ்ல பிபிஎஃப், என்பிஎஸ்னு நாமளே பணம் போட்டு சேக்கற அரசாங்க திட்டங்கள பத்தி எத்தனையோ தடவை கிளாஸ் எடுத்தாங்க, அப்பல்லாம் ஆரம்பிக்காத நான் அந்த சீட்ட பாத்த மாசம் தான் என்பிஎஸ் போட ஆரம்பிச்சேன், அப்ப வயசு 31.

தெரியாததால யாரும் விடறதில்லைங்க. ஒண்ணு, பையன் பாத்துக்குவான்ங்கற நம்பிக்கை. இன்னொண்ணு தான் எனக்கு ரொம்ப கவலை, சம்பளத்துல பிஎஃப் பிடிக்கிறாங்களே அது போதும்ங்கற நெனப்பு. கூட வேலை பாக்குற ஒருத்தர் அப்படித்தான் இருந்தாரு, ஒரு நாள் உக்காந்து கணக்கு போட்டு காட்டினேன். சம்பளம் எவ்ளோ இருந்தாலும் நம்மள மாதிரி பெரும்பாலானவங்களுக்கு இபிஎஸ், அதாவது பிஎஃப்ல இருந்து வர்ற மாச பென்ஷன், கணக்குக்கு எடுத்துக்கற சம்பளம் 15,000 தான், அத சர்வீஸ் வருஷத்தால பெருக்கி 70-ஆல வகுக்கணும், 14 வருஷத்துக்கு மாசம் 3,000 ரூபா. அவரு வாடகையே 11,000. அன்னிக்கு சாயங்காலமே எவ்ளோ போடணும்னு கேட்டு போன் பண்ணாரு.

வயசானதுக்கப்பறம்னு பொதுவா சொன்னா மனசுல ஏறாது, நம்பர் கண்ணுக்கு தெரியணும். எங்க தெரு டெய்லர் அண்ணனுக்கு பிஎஃப் எதுவும் கிடையாது, அவருகிட்ட அடல் பென்ஷன்ங்கற அரசாங்க திட்டத்துல எந்த வயசுல சேந்தா எவ்ளோ கட்டணும்ங்கற டேபிள காட்டினேன். 60-க்கு மேல மாசம் 5,000 வேணும்னா 18 வயசுல சேந்தவங்க மாசம் 210 கட்டினா போதும், 30-ல சேந்தா 577, 40-ல 1,454, அதுக்கு மேல சேரவே முடியாது. அவருக்கு அப்ப 38. இதை பத்து வருஷம் முன்னாடி யாராச்சும் காட்டிருந்தானு சொல்லிட்டே இருந்தாரு, அடுத்த வாரமே கடையில வேலை பாக்குற 19 வயசு பையனையும் கூட்டிட்டு பேங்க் போனாரு.