கருப்பூர் பக்கம் வேலை: ஏற்காட்டில் குடியேறலாமா, சேலத்திலேயே வீடு பார்ப்பதா?

பெரியார் பல்கலைக்கழகம் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, ஏற்காட்டில் தங்கி தினமும் இறங்கி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்ங்க. ஏற்காடு சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள், மழைக்காலத்தில் பனிமூட்டம், மே மாதம் கோடை விழாக் கூட்டம், இதையெல்லாம் தாண்டி அடிவாரம் வந்த பிறகும் கருப்பூருக்கு ஊரைச் சுற்றி ஓமலூர் ரோடு பக்கம் போயாக வேண்டும். அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி மலையைப் பார்த்த நல்ல இடங்கள்தான், ஆனால் உங்கள் வேலைக்கு எதிர்ப்பக்கம்.

நான் சொல்வது அஞ்சு ரோடு, இல்லையென்றால் சூரமங்கலம். அஞ்சு ரோட்டுக்குப் பக்கத்திலேயே புதிய பஸ் ஸ்டாண்ட், ஓமலூர் பஸ் ஏறினால் கருப்பூரில் இறங்கிவிடலாம். வாராவாரம் சொந்த ஊருக்கு ரயிலில் போகிறவர் என்றால் சூரமங்கலம், ஜங்ஷன் அங்கேதான்.

வீடு பார்க்கும்போது வாடகையைவிட முதலில் தண்ணீரைக் கேளுங்கள்: காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, போர் தண்ணீர் உப்பா என்று. இதை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் கீழ்வீட்டு அக்காவிடமும் கேட்டுவிடுங்கள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டை ஏப்ரல் வெயிலில் மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.