வேனுக்கு இரட்டை அலைவரிசை ஹாம் ரேடியோ: காசை எங்கே போடுவது?

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறேன். ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் கிடைத்து நான்கு மாதம் ஆகிறது, கையில் இருப்பது 5 வாட் கைச்செற் மட்டும். திருகோணமலை டவுனுக்கும் குச்சவெளிக்கும் இடையே தினமும் டொயோற்றா கே.டி.எச் வேன் ஓட்டுகிறேன். அதற்கு 2 மீற்றர் (145 மெகாஹேர்ட்ஸ் பக்கம்), 70 சென்ரிமீற்றர் (435 பக்கம்) ஆகிய இரண்டு அலைவரிசையும் உள்ள ரேடியோ பூட்ட விருப்பம். 25 வாட் சீன ரேடியோவை விட இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து 50 வாட் ஜப்பான் ரேடியோ வாங்குவதில் பிரயோசனம் இருக்கிறதா? குச்சவெளியில் நின்று டவுனில் உள்ள நண்பரோடு கதைக்க வேண்டும். அவருடைய அன்டெனா தரையிலிருந்து 10 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சிகரெட் லைற்றர் சொக்கற்றில் செருகினால் போதுமா, ஐயா?

பதில்: 50 வாட் என்ற எண்ணுக்காக மட்டும் என்றால் அந்த மேலதிகக் காசைக் கொடுக்காதீர்கள். நல்ல ரிசீவருக்காக என்றால் தாராளமாகக் கொடுங்கள். அதற்கும் முன்பு அன்டெனாவுக்கும் வயருக்கும் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். லைற்றர் சொக்கற் போதாது.

முதலில் குச்சவெளிக் கணக்கைப் பார்ப்போம். இந்த இரண்டு அலைவரிசையும் ஏறத்தாழப் பார்வைக் கோட்டில்தான் போகும். அன்டெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் ரேடியோ அடிவானம் கிலோமீற்றரில் வரும். உங்கள் வேனின் கூரை ஏறத்தாழ 2 மீற்றர் உயரம், அதற்கு 5.8 கிலோமீற்றர். நண்பரின் 10 மீற்றருக்கு 13 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 19. ஆகவே டவுனிலிருந்து நிலாவெளி தாண்டி இறக்கண்டிப் பக்கம் வரை தெளிவாகக் கதைக்கலாம். குச்சவெளியோ நேர்கோட்டில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அடிவானத்தைத் தாண்டியதும் சிக்னல் சுவரில் முட்டினது போல நின்றுவிடாது. கொஞ்சம் வளைந்து வரும், ஆனால் வேகமாக மெலியும், இரைச்சல் ஏறும்.

அந்த இடத்தில் 25 வாட்டை 50 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் (சிக்னல் வலுவை ஒப்பிடும் அளவு). வரும் சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ்-மீற்றரில் ஒரு படி என்பது 6 டெசிபெல். அப்படியென்றால் இரட்டிப்பு வலு நண்பரின் மீற்றரில் அரைப் படிதான் ஏற்றும், அவர் சொல்வதை நீங்கள் கேட்பதற்கோ எந்த உதவியும் செய்யாது. அவர் அன்டெனாவை 20 மீற்றருக்கு உயர்த்தினால் அடிவானம் 13 இலிருந்து 18 கிலோமீற்றருக்கு மேல் போகும். 35 மீற்றர் உயரம் கிடைத்தால் குச்சவெளி நேரடிப் பார்வைக்குள் வந்துவிடும். அது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் அல்ல. அதைவிட மலிவான வழி, நண்பரின் வீட்டில் ஐந்து குச்சிகள் கொண்ட, ஒரே திசையில் வீசும் யாகி அன்டெனா ஒன்றை வடமேற்காகக் குச்சவெளியை நோக்கித் திருப்பி வைப்பது. அது பேசும்போதும் கேட்கும்போதும் சேர்ந்தே உதவும். ஒரு விஷயத்தை அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள்: யாகியின் குச்சிகள் நிலத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பழைய டிவி அன்டெனாவைப் போலப் படுக்க வைத்தால், செங்குத்தாக நிற்கும் உங்கள் வேன் அன்டெனாவோடு பொருந்தாமல் 20 டெசிபெல் அளவுக்கு இழப்பு வரும். 50 வாட் அரை வாட்டாகச் சுருங்குவதற்குச் சமம் அது.

சரி, விலை கூடிய ரேடியோவில் அப்படி என்ன இருக்கிறது? டவுனுக்குள் தொலைபேசிக் கோபுரங்கள், ஒலிபரப்பு, பாதுகாப்புப் படைகளின் தொடர்புகள் எல்லாம் நெருங்கி நிற்கின்றன. மலிவு ரேடியோக்களின் முன்பகுதியில் நல்ல வடிகட்டி இருக்காது. பக்கத்து அலைவரிசையில் வலுவான சிக்னல் ஒன்று வந்தால் ரிசீவர் திணறி, நீங்கள் கேட்க வேண்டிய மெல்லிய குரல் மறைந்துபோகும். சில வேளை யாரோ ஒருவருடைய பேச்சு இல்லாத இடத்தில் முளைக்கும். குச்சவெளியில் நன்றாக வேலை செய்த செற் டவுனுக்குள் வந்ததும் செவிடாகிறது என்று ஆட்கள் முறையிடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். தினமும் இரண்டுக்கும் நடுவே ஓடுகிற உங்களுக்கு நல்ல ரிசீவர் ஆடம்பரம் அல்ல.

அடுத்தது இரட்டைக் கேட்பு. பெட்டியில் ‘இரட்டை அலைவரிசை’ என்று இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் கேட்கும் என்று பலர் நம்பி வாங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை. யேசூ எஃப்.டி.எம்-6000 இரண்டு அலைவரிசையிலும் 50 வாட் தரும் உறுதியான, எளிமையான ரேடியோ, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கேட்கும். ஐக்கம் ஐ.சி-2730 இரண்டையும் சேர்த்துக் கேட்கும், 2 மீற்றருக்குள்ளேயே இரண்டு வேறு சனல்களையும் ஒரே நேரத்தில் கேட்கும். முகப்புத் திரை தனியாகவும் உடல் தனியாகவும் வருவதால் வேனுக்கு வசதி. கென்வூட் டி.எம்-வி71 இப்போது தயாரிப்பில் இல்லை, நல்ல நிலையில் பழையது அகப்பட்டால் விடாதீர்கள். இரட்டைக் கேட்போடு, ஒரு அலைவரிசையில் கேட்டதை மற்றதில் திருப்பி அனுப்பும் குறுக்கு அஞ்சல் வசதியும் அதில் உண்டு. வேனைக் கடற்கரையோரம் நிறுத்திவிட்டு 70 சென்ரிமீற்றர் கைச்செற்றோடு நடந்து போனால், உங்கள் 5 வாட் குரலை வேன் 2 மீற்றரில் தூக்கி அனுப்பும். அப்படி இயக்கும்போது வலுவை 5 அல்லது 10 வாட்டுக்குக் குறையுங்கள். முழு வலுவில் ஓயாமல் அனுப்பினால் மூடிய வேனுக்குள் செற் கொதித்துவிடும். உங்கள் உரிமத்தின் நிபந்தனைகள் அதற்கு இடம் தருகிறதா என்றும் முதலில் பாருங்கள்.

டிஜிற்றல் முறைகளுக்காக இப்போது காசு கொடுக்க வேண்டியதில்லை. யேசூவின் சி4எஃப்.எம் ஐக்கமின் டி-ஸ்டாரோடு பேசாது, இரண்டும் டி.எம்.ஆரோடு பேசாது. சாதாரண எஃப்.எம் எல்லாரிடமும் இருக்கிறது.

உங்கள் தேவைக்கு என் தெரிவு: இரட்டைக் கேட்பு, பிரித்துப் பூட்டும் முகப்பு, 50 வாட்டும் அதற்குக் கீழே இரண்டு மூன்று வலுப் படிகளும் உள்ள ஜப்பான் ரேடியோ. கீழ்ப் படிகள் முக்கியம். உரிம வகுப்புக்கு ஏற்ற வலு எல்லையைத் தாண்டக் கூடாது. கையில் காசு இறுக்கம் என்றால் எஃப்.டி.எம்-6000 ஐ எடுத்து, மிச்சத்தை அன்டெனாவில் போடுங்கள். வாங்க முன்பு அந்த மாதிரிக்கு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் அனுமதியை முதலில் எடுங்கள், அல்லது சுங்கத்தில் பெட்டி நிற்கும்.

இனி வயர். பெரும்பாலான பூட்டல்கள் பிழைப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

50 வாட்டில் பேசும்போது ரேடியோ 12 அம்பியர் அளவில் இழுக்கும். லைற்றர் சொக்கற்றின் பியூஸ் வழக்கமாக 10 அல்லது 15 அம்பியர், பின்னால் வருவது மெல்லிய வயர், உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் மட்டும் தொடுகிற முனை. அந்த முனை சூடாகி நிறம் மாறி, பிளாஸ்டிக் உருகத் தொடங்கும். பற்றரியிலிருந்து நேராக வயர் இழுங்கள்.

கே.டி.எச் வேனின் எஞ்சின் முன்சீற்றுகளுக்கு அடியில் இருக்கிறது. முன்சீற்றின் கீழே ரேடியோ உடலை வைத்தால் வெந்துபோகும். இரண்டாம் வரிசைச் சீற்றின் அடியில், தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் பூட்டி, முகப்பை மட்டும் டாஷ்போர்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். விசிறிப் பக்கம் கடற்கரை மணல் அள்ளாத திசையில் இருக்கட்டும். அப்படி வைத்தால் பற்றரியிலிருந்து 4 மீற்றர் வயர் வேண்டும், போக வர 8 மீற்றர். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 12 அம்பியருக்கு 0.7 வோல்ட் விழும். 6 சதுர மில்லிமீற்றரில் 0.3 வோல்ட்தான். இந்த ரேடியோக்கள் 13.8 வோல்ட்டில் 15 வீதம் கூடக் குறைய, அதாவது 11.7 வோல்ட் வரை வேலை செய்யும்படி செய்யப்பட்டவை. எஞ்சின் நின்றிருக்கும்போது சுமாரான பற்றரி ஒன்று சுமை ஏறியதும் 12.2 இற்கு இறங்கும். அதில் 0.7 ஐக் கழித்தால் 11.5. மைக் பொத்தானை அழுத்தியதும் திரை அணைந்து திரும்ப எரியும் கோளாறு இந்தக் கழித்தலில்தான் பிறக்கிறது. செற் பழுது என்று கடைக்குக் கொண்டு ஓடத் தேவையில்லை.

ஹார்ட்வெயார் கடையில் 7/1.04 என்று கேட்டால் கிடைக்கும் வீட்டு வயர் அளவில் ஏறத்தாழ 6 சதுர மில்லிமீற்றர்தான். ஆனால் உள்ளே இருப்பது ஏழு தடித்த இழைகள். வாகன ஆட்டத்தில் முனையருகே ஒவ்வொன்றாக முறியும், வெளியே உறை மட்டும் நன்றாகத் தெரியும். மெல்லிய இழைகள் நிறையக் கொண்ட, வளையக்கூடிய வாகன வயரே வேண்டும். பொசிற்றிவ் வயரில் பற்றரியிலிருந்து ஒரு சாணுக்குள் 20 அம்பியர் பியூஸ் போடுங்கள். ரேடியோவோடு வந்த வயரின் பியூஸை அகற்ற வேண்டாம். நெகற்றிவ் வயரைப் பற்றரியின் வயர் வாகன உடலோடு சேரும் இடத்தில் பூட்டுங்கள். புதிய வாகனங்களில் நெகற்றிவ் முனையில் மின்னோட்ட உணரி இருக்கும். அதைத் தாண்டி நேராக முனையில் பூட்டினால் சார்ஜ் கணக்குக் குழம்பும்.

அன்டெனாவில் இரண்டு தெரிவு. 49 சென்ரிமீற்றர் கால் அலைக் கம்பி (அலைநீளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு நீளம்) 145 மெகாஹேர்ட்ஸுக்குப் பொருந்தும். 435 அதன் சரியான மூன்று மடங்கு என்பதால் அதே கம்பி 70 சென்ரிமீற்றரிலும் முக்கால் அலையாக வேலை செய்யும். விலை குறைவு, கிளையில் அடிபட்டாலும் வளைந்து நிமிரும். ஏறத்தாழ 1 மீற்றர் நீள இரட்டை அலைவரிசை அன்டெனா அதைவிட நன்றாகத் தாழ் கோணத்தில் வீசும், சமதரையான இந்தக் கரைக்கு அதுதான் பொருத்தம். ஆனால் கூரையோடு சேர்த்து 3 மீற்றர் உயரம் வரும், மடிக்கும் அடி உள்ளதாக எடுங்கள். கால் அலைக் கம்பிக்குக் கூரையின் நடுப் பகுதியே நல்லது, இரும்புத் தகடுதான் அதன் மறுபாதி. பின்கதவு விளிம்பில் பூட்டுவதென்றால் பிடியின் சிறு திருகாணி பெயின்றைக் கடந்து இரும்பைத் தொட வேண்டும். தொட்ட இடத்தில் சிலிக்கன் கிரீஸ் பூசாவிட்டால் உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் துருவாக்கிவிடும்.

காந்த அடியை வைத்தால் இரண்டு கிழமைக்கொரு தடவை தூக்கி, அடியையும் கூரையையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். காந்தத்துக்கும் பெயின்றுக்கும் நடுவே நுழையும் மணல் அரைத்து, உப்பு ஊறி, எடுக்கும்போது வட்டத் துரு தெரியும். கேபிள் கதவிடுக்கில் நசுங்காமல் வர வேண்டும், உள்ளே நுழையும் முன் தொய்வாக ஒரு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் அதிலே சொட்டிப் போகும். ஆர்.ஜி-58 என்ற மெல்லிய அன்டெனாக் கேபிள் 5 மீற்றரில் 435 மெகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ 2 டெசிபெல் தின்னும், 50 வாட் 32 ஆகும். மிச்சக் கேபிளைச் சுருட்டி வைக்காமல் அளவாக வெட்டுங்கள். வெளியே உள்ள இணைப்பில் தன்னோடு தான் ஒட்டும் ரப்பர் ரேப்பை இழுத்துச் சுற்றி, மேலே பிவிசி ரேப் சுற்றுங்கள்.

அன்டெனாவிலிருந்து எவ்வளவு வலு திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர் மீற்றர் 435 மெகாஹேர்ட்ஸ் வரை அளப்பதாக இருக்க வேண்டும். குறைந்த அலைவரிசைக்குச் செய்த மீற்றர் பொய் எண் காட்டும். கதவுகளை மூடி, திறந்த வெளியில், 5 வாட்டில் அளவிடுங்கள். 1.5 இற்குக் கீழே நல்லது, 2 இற்கு மேலே என்றால் பேசாமல் நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள். கால் அலைக் கம்பியை வெட்டும்போது 3 மில்லிமீற்றருக்குமேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள், அதுவே ஏறத்தாழ 1 மெகாஹேர்ட்ஸ் நகர்த்தும்.

பூட்டிய பிறகு வரும் முறைப்பாடுகள் சில. எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை ஒல்ரனேற்றருடையது, பெரும்பாலும் நெகற்றிவ் இணைப்புத் தளர்வு. எஞ்சின் நின்றும் இரைச்சல் நிற்காவிட்டால் போன் சார்ஜரையும் டாஷ்கேமையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். உங்கள் குரல் மற்றவருக்குத் தூரத்தில் கேட்பது போல இருந்தால், பெரும்பாலும் ரேடியோ குறுகிய எஃப்.எம்மில் (குரலைக் குறைந்த அகலத்தில் அனுப்பும் முறை) நிற்கிறது. ரிப்பீற்றர் (உங்கள் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) திறக்காவிட்டால் சிக்னலைக் குறை சொல்ல முன்பு, அதைத் திறக்கும் தொனியையும், அனுப்பும் கேட்கும் அலைவரிசைகளின் வித்தியாசத்தையும் பாருங்கள், 2 மீற்றரில் அது வழக்கமாக 600 கிலோஹேர்ட்ஸ். பொத்தான் தவறி அழுந்திக் கிடக்காமலிருக்க அனுப்பும் நேர எல்லையை 3 நிமிடத்தில் வையுங்கள்.

உரிமத்தின் பிரதியை வேனிலேயே வைத்திருங்கள். கோணேசர் கோவிலுக்குப் போகும் வழி இராணுவம் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால்தான் செல்கிறது, வாசலுக்கு முன்பே ரேடியோவை அணைத்துவிடுங்கள்.

கடைசியாகப் பற்றரி. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரை கடந்தது உங்கள் பாதைக்குச் சற்று வடக்கே, திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில். அப்படிப்பட்ட இரவில் போன் கோபுரம் விழுந்தாலும் உங்கள் வேன் பேச வேண்டும். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே ரேடியோ 0.6 அம்பியர் அளவில் எடுக்கும், 24 மணித்தியாலத்துக்கு 14 அம்பியர்மணி. இரண்டு நாள் அணைக்காமல் விட்டால் வேன் ஸ்ரார்ட் ஆகாமல் போகலாம். எஞ்சினை நிறுத்தி, முழு வலுவில் அரை நிமிடம் பேசி, ரேடியோவின் முனையிலேயே வோல்ட் அளந்து பாருங்கள். 12 இற்குக் கீழே இறங்கினால் ஒக்ரோபர் மழை தொடங்க முன்பு பற்றரியையோ வயரையோ மாற்றுங்கள்.