அக்காவில் பிழை இல்லை

கேள்வி: வீட்டு அலுமாரியில் கிடந்த பழைய இல்லற ஆலோசனைப் புத்தகம் ஒன்றில், தாய் மிஞ்சிச் செல்லம் கொடுத்து, தகப்பன் ஒதுங்கியிருந்தால் பெடியன் ஆண்களில் நாட்டம் கொள்வான், வைத்தியம் செய்தால் மாறுவான் என்று இருக்கிறது. மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று தெரிந்ததிலிருந்து அக்கா தன்னையே நொந்துகொள்கிறா. புத்தகம் சொல்வது சரியா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: சரியில்லை. அக்காவில் ஒரு பிழையும் இல்லை.

இந்தத் தாய்–தகப்பன் கதைக்கு ஆய்வு என்ற மரியாதையைக் கொடுத்தது, 1962இல் நியூயோர்க்கில் மனநல மருத்துவர் ஏர்விங் பீபரின் குழு வெளியிட்ட நூல். அதில் வந்த 106 தன்பாலீர்ப்பு ஆண்களும் ஏற்கெனவே உளப்பகுப்புச் சிகிச்சையில் (வைத்தியரோடு கதைத்துக் கதைத்து மனதை அலசும் முறை) இருந்தவர்கள். ஒப்பிட எடுத்த 100 பேரும் நோயாளிகள்தான். கேள்விப் படிவத்தை நிரப்பியவர்களோ அவர்களின் வைத்தியர்கள்! தாயில் பிழை என்று முன்கூட்டியே நம்பியவர் படிவத்தில் வேறென்ன எழுதுவார்? ஆஸ்பத்திரி வாட்டில் நின்று ஊரை எண்ணினால் ஊர் முழுக்க வருத்தக்காரர்தான்.

இத்தனைக்கும் 1957இலேயே உளவியலாளர் ஈவ்லின் ஹூக்கர், சிகிச்சைக்குப் போகாத 30 தன்பாலீர்ப்பு ஆண்களையும் 30 மற்ற ஆண்களையும் வயது, கல்வி, நுண்ணறிவு பார்த்துச் சோடி சேர்த்தார். மைக்கறைச் சோதனை (மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பது) போன்றவற்றின் முடிவுகளைப் பெயரில்லாமல் நிபுணர் மூவரிடம் கொடுத்தார். யார் எந்தப் பக்கம் என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. ஆனால் அது ஆய்விதழோடு நின்றுவிட்டது. வீடுகளுக்குள் போனது ஆலோசனை நூல்கள்தான். 1969இல் வந்து இலட்சக்கணக்கில் விற்ற, அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ரூபனின் நூல், பொதுக் கழிவறைச் சந்திப்புகளையே தன்பாலீர்ப்பு ஆண்களின் முழு வாழ்க்கையாகக் காட்டியது. தகுந்த வைத்தியர் கிடைத்தால் மாறலாம் என்றும் சொன்னது. அதுவும் கேள்வி–பதில் நூல்தான். கேள்வியையும் எழுத்தாளரே எழுதும்போது, மறுகேள்வி கேட்க ஆளில்லை. (எங்கள் பகுதியையும் அந்தக் கண்ணோடே வாசியுங்கோ.)

1973இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1990இல் உலக சுகாதார நிறுவனமும் எடுத்தது. புத்தகங்கள் மட்டும் அப்படியே மறுபதிப்பாகின. தமிழ்ப் பதிப்பில் 1998 என்று இருந்தாலும் மூலநூல் எந்த ஆண்டு என்று பாருங்கோ. "வைத்தியர்கள் கூறுகிறார்கள்" என்று மட்டும் எழுதி, எந்த வைத்தியர், எத்தனை பேரை, எங்கே பார்த்தார் என்று சொல்லாத பக்கத்தை நம்பவேண்டாம்.

கேள்வி: வைத்தியரிடம் காட்டலாமா? கலியாணம் செய்துவைத்தால் சரிவருமா?

பதில்: கலியாணம் வேண்டாம். ஈர்ப்பு மாறாது, இன்னொரு வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் சேர்ந்து கெடும். மகனுக்கு நித்திரையில்லை, மனச்சோர்வு என்றால் அவன் சம்மதத்தோடு மட்டும் காட்டுங்கோ. பதிவு செய்யமுதல், "மாற்றுவதற்குச் சிகிச்சை செய்வீர்களா?" என்று கேளுங்கோ. "ஓம்" என்றால் வேறு ஆளைப் பாருங்கோ. அக்காவுக்கும் கதைக்க ஆள் வேண்டுமென்றால், இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம்.