விளையாட்டுத் திருவிழா: ஊருக்கு வரவா, செலவா?

2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்குக் கிடைத்ததிலிருந்து வாசகர்கள் இதைப் பற்றியே கேட்கிறார்கள்.

வெளிநாட்டவர் வந்து குவிவார்கள். கடைக்காரர்களுக்கு நல்ல வியாபாரம்தானே?

வருகிறவர்களை எண்ணும்போது வராமல் போகிறவர்களையும் எண்ண வேண்டும். 2012 ஒலிம்பிக் நடந்த ஆகஸ்டில் லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்த கூட்டம் முந்தைய ஆகஸ்டைவிடக் குறைவு. நெரிசலுக்கும் ஓட்டல் வாடகைக்கும் பயந்து, வழக்கமான சுற்றுலாப் பயணிகள் பலர் அந்தப் பக்கமே வரவில்லை. உள்ளூர்க்காரர் டிக்கெட்டுக்குக் கொடுப்பதும் புதுப் பணமல்ல; சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியது.

கடன் வாங்கிக் கட்டினால் என்ன? பிறகு அடைத்துக்கொள்ளலாமே?

கனடாவின் மான்ட்ரியலைக் கேளுங்கள். ஆண்மகன் ஒருவன் கருவுற்றுப் பிள்ளை பெற்றால்தான் ஒலிம்பிக்கில் நஷ்டம் வரும் என்று சவால் விட்டார் அந்நகர மேயர் ழான் டிராப்போ. 1976 போட்டி தொடங்கியபோது மைதானத்தின் சாய்ந்த கோபுரம் பாதியில் நின்றது. 1987இல்தான் கட்டி முடித்தார்கள். கடன் தீர்ந்தது 2006இல். பெரும்பங்கை அடைத்தது மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் புகையிலை வரி. போட்டி நடந்த ஆண்டில் பிறந்த கியூபெக் குழந்தை வளர்ந்து, தன் சிகரெட் பாக்கெட்டோடு சேர்த்து அந்த மைதானத்துக்கும் பணம் கட்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

லாபம் பார்த்த ஊரே இல்லையா?

உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸ், 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம். மான்ட்ரியல் பட்ட பாட்டைப் பார்த்து மற்ற ஊர்கள் ஒதுங்கிவிட்டதால், ஒலிம்பிக் கமிட்டிக்கே நிபந்தனை போடும் பலம் லாஸ் ஏஞ்சலஸுக்கு இருந்தது. 1932 ஒலிம்பிக் நடந்த கொலிசியம் அரங்கத்தையே மறுபடியும் பயன்படுத்தினார்கள்.

மாமல்லபுரத்தில் நடந்த 2022 செஸ் ஒலிம்பியாடும் ஏறக்குறைய இந்த வழிதான். ரஷ்யாவிடமிருந்து கைமாறி வந்த போட்டியைச் சில மாதங்களுக்குள் நடத்த முடிந்ததற்குக் காரணம், மேசையும் பலகையும் போட இடம் இருந்தால் போதும், பெரிய மைதானம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான்.

மதிப்பீடு மட்டும் ஏன் எப்போதும் எகிறுகிறது?

தொடக்க விழாத் தேதியைத் தள்ளிப்போட முடியாது. அது ஒப்பந்தக்காரருக்கும் தெரியும். கடைசி நேரத்தில் அவர் கேட்பதுதான் விலை. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு அதை நடத்தும் உரிமை கேட்டுக் கொடுத்த ஆவணத்தில் காட்டிய செலவு 1,200 கோடி ரூபாய். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையில் அது 18,532 கோடி. அகமதாபாத் வாசகர்கள் வேலை எப்போது தொடங்கும் என்று கேட்கிறீர்கள். எந்தெந்த அரங்கம் புதிது, 2031இல் அதன் பராமரிப்புச் செலவு யார் தலையில் என்று இப்போதே கேளுங்கள்.