காப்பகத்திலிருந்து ராஜபாளையம் நாயைத் தத்தெடுக்கலாமா? ஒரே ஆளுக்குத்தான் அடங்கும், கடிக்கும் என்கிறார்களே?

எடுக்கலாம். என்னையும் இதே சொல்லித்தான் பயமுறுத்தினார்கள், அதிலும் நாயே வளர்க்காதவர்கள்தான் அதிகம். நீங்களும் குட்டி வாங்கப் போய், விலையைக் கேட்டு மலைத்து, கடைசியில் காப்பகத்தில் ஒரு பெரிய நாயைப் பார்த்துவிட்டு வந்து தூக்கம் வராமல் இதைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் கதை மதுரையில். மூன்று வயது, பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. அதற்குள் இரண்டு வீடு பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது. "பேரு ராஜா, கொஞ்சம் முரடு" என்றார்கள் காப்பகத்தில். வீட்டுக்கு வந்தபின் ராஜா ராஜா என்று தொண்டை வறளக் கூப்பிட்டாலும் திரும்பாது. ஜாதி நாய் இல்லையா, திமிர் இருக்கத்தானே செய்யும் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டோம். ஒன்பதாம் நாள், ஹாலில் குறுக்கே தூங்கிக்கொண்டிருந்ததை நகர்த்தலாம் என்று முதுகில் கை வைத்தேன், மணிக்கட்டில் பல் பதிந்துவிட்டது. கடித்த வேகத்தில் அதுவே மிரண்டுபோய் சோபாவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. தடுப்பூசி போட்ட நாய்தான், இருந்தாலும் நானும் போய் ஊசி போட்டுக்கொண்டேன். மாமியார் "அப்பவே சொன்னேன்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவந்து விடுகிறோம் என்று காப்பகத்துக்கு ஃபோனும் போட்டாயிற்று.

சனிக்கிழமை காலை குக்கரின் சேஃப்டி வால்வு வெடித்தது. பருப்பு சீலிங் வரை. பக்கத்து வீட்டு அக்கா கையில் மாவோடு ஓடி வந்துவிட்டார். அடுப்படி வாசலில் படுத்திருந்த ராஜாவுக்குக் காதுகூட அசையவில்லை, நல்ல தூக்கம்.

அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உள்காதுக்கும் வேண்டுமாம், அவை இல்லாமல் பிறக்கிற குட்டிகள் இந்த இனத்தில் உண்டு, டால்மேஷனிலும் உண்டு என்றார். சுத்த வெள்ளைதான் வேண்டும் என்று நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணை சேர்த்துக்கொண்டே போனால் வேறென்ன ஆகும்? காது கேட்காத பிராணியைத் தூக்கத்தில் தொட்டுவிட்டு, முரடு என்று பெயர் வைத்து இரண்டு வீட்டில் துரத்தியிருக்கிறார்கள். மூன்றாவது வீடு நாங்கள் ஆகியிருப்போம்.

எல்லா ராஜபாளையமும் செவிடு என்று சொல்லவில்லை, வளர்ப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்த்த நாய் இது. கைக்குழந்தை இருக்கிற வீடு, ஓட இடமில்லாத ஃபிளாட் என்றால் நானே வேண்டாம் என்பேன். வெளியே சங்கிலி இல்லாமல் விடவே கூடாது. மற்றபடி பழகிவிடலாம். எழுப்ப வேண்டுமானால் மூக்குக்கு முன்னால் கையைக் கொண்டுபோனால் வாசத்தில் கண் திறக்கும், ராத்திரி என்றால் லைட்டை இரண்டு தரம் போட்டு அணைப்போம். உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும். இரண்டு வருஷமாகிறது, அதற்கப்புறம் யாரையும் கடித்ததில்லை.

இந்த இனத்துக்கு 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள், ஆனால் எங்கள் பழைய ஹவுஸ் ஓனருக்கு அது "வெறி நாய்". காலி பண்ணும்போது நாய் கதவைப் பிராண்டிவிட்டது என்று அட்வான்ஸில் பிடித்தார். அந்தப் பிராண்டல் நாங்கள் குடிவந்த அன்றே இருந்தது, ஃபோட்டோகூடக் காட்டினேன். அப்புறம் பெயின்ட் செலவு என்று மாற்றிச் சொன்னார். நாயே இல்லாத மாடி வீட்டுக்காரரிடமும் பெயின்ட் செலவு பிடித்தாராம்! அதைக் கேட்க ஒரு நாதி இல்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் போய்ப் பாருங்கள். பெயர் ராஜா என்றுதான் சொல்வார்கள். எதற்கும் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் பையில் எடுத்துக்கொண்டு போய், அதன் முதுகுப் பக்கமாகத் தள்ளி நின்று ஒரு தட்டு தட்டிப் பாருங்கள்.