வளரும் நாடுகளில் ஜனநாயக அமைப்புகளை வலுப்படுத்த வரும் வெளிநாட்டுப் பணத்தால் பலன் உண்டா, இல்லை எல்லாம் கண்துடைப்பா?

பலன் உண்டு. ஆனால் பணம் கொடுத்தவர்கள் அறிக்கையில் காட்டுகிற இடத்தில் அது பெரும்பாலும் இருக்காது.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது. இப்படி வெளிநாட்டு நிதியில் ஓடிய ஒரு திட்டத்தில் இரண்டு வருடம் அறிக்கை எழுதுகிற வேலை பார்த்தேன். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் திட்டம். காலையில் வருகைப் பதிவுத்தாள் மேசை மேசையாகச் சுற்றி வரும்: பெயர், பதவி, ஆணா பெண்ணா, கையெழுத்து. மூன்று மாதத் தாள்களை அடுக்கி வைத்துக் கூட்டும்போதுதான் கவனித்தேன், ஒரே ஆள் ஐந்து பயிற்சிகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எங்கள் கணக்கில் அவர் ஐந்து பேர். மேலே இருந்தவரிடம் போய்ச் சொன்னேன். "இலக்கு 400, கையெழுத்து 400 இருக்கா? அதை மட்டும் பாரு" என்றார். அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது, நிதி கொடுத்தவர்கள் கேட்ட கேள்வியே எத்தனை பேர் என்பதுதான். வந்தவருக்கோ பேட்டாவும் மதியச் சாப்பாடும் கிடைத்தன. ஆக எல்லோருக்கும் திருப்தி.

சரி, பெரிய உதாரணத்துக்கு வருகிறேன். கென்யா. 2007 டிசம்பர் தேர்தலை ஒட்டி நடந்த கலவரத்தில் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்கப்புறம் 2010-இல் புதிய அரசியல் சாசனம், அதன் கீழ் ஓர் உச்ச நீதிமன்றம், புதிய தேர்தல் ஆணையம் எல்லாம் வந்தன, கூடவே வெளிநாட்டுப் பணமும் ஆலோசகர்களும். 2013 தேர்தலுக்கு வாக்காளர்களைப் பதிவு செய்ய, கனடா வழியாகக் கிடைத்த கடனில் பயோமெட்ரிக் கருவிகள் வாங்கினார்கள். வாக்குப்பதிவு அன்று ஆளை அடையாளம் பார்க்க வேறு கருவிகள். அன்றைக்கு என்ன ஆனது என்றால், பல வாக்குச்சாவடிகள் கரண்ட் இல்லாத பள்ளி வகுப்பறைகள், பேட்டரி தீர்ந்தது, சார்ஜ் போட வழியில்லை. முடிவுகளை அனுப்ப வைத்திருந்த மின்னணு ஏற்பாடும் படுத்துவிட்டது. கடைசியில் அச்சடித்த வாக்காளர் பட்டியலும் கையால் நிரப்பிய படிவங்களும்தான் கைகொடுத்தன.

இதோடு நிறுத்தினால் பணம் எல்லாம் வீண் என்று சொல்லிவிடலாம். ஆனால் 2017 இருக்கிறது. ஆகஸ்ட் 8 அன்று தேர்தல். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி உட்பட வெளிநாட்டுப் பார்வையாளர்கள் வாக்குப்பதிவு நன்றாக நடந்தது என்று பாராட்டி, குறை இருந்தால் நீதிமன்றம் போங்கள் என்று தோற்றவர்களுக்கு யோசனையும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். தோற்றவர்களும் நீதிமன்றம் போனார்கள். செப்டம்பர் 1 அன்று, தலைமை நீதிபதி டேவிட் மராகா உட்பட நான்கு நீதிபதிகள் ஜனாதிபதித் தேர்தலே செல்லாது என்று தீர்ப்பளித்தார்கள், இரண்டு பேர் மறுத்தார்கள். சாவடிகளின் முடிவுப் படிவங்கள் எல்லாம் வந்து சேருமுன்பே வெற்றி அறிவிக்கப்பட்டிருந்தது, சர்வரைத் திறந்து காட்டச் சொன்ன உத்தரவையும் ஆணையம் முழுசாக மதிக்கவில்லை. பார்வையாளர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

அந்தத் தைரியத்தை யாரும் நிதி ஒதுக்கி வாங்கிக் கொடுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு பின்னணி உண்டு. 2010 சாசனத்துக்குப் பிறகு நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் நேர்காணல்கள் பகிரங்கமாக நடந்தன, 2011-இல் தலைமை நீதிபதி பதவிக்கான நேர்காணலை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. பழைய நீதிபதிகளை ஒவ்வொருவராக விசாரித்து வடிகட்ட ஒரு வாரியம் போட்டார்கள். உலக வங்கியும் 2012-இல் நீதித்துறைக்கு 12 கோடி டாலர் கடன் கொடுத்தது, நீதிமன்றக் கட்டடம், வழக்கு நிர்வாகம் மாதிரி வேலைகளுக்கு. படம் பிடித்துப் போட ஒன்றும் இல்லாத சலிப்பான செலவு, அதுதான் அடித்தளமாக நின்றது என்பது என் கணிப்பு. (எல்லாம் சுபம் என்றும் நினைக்க வேண்டாம். மறுதேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு துணைத் தலைமை நீதிபதியின் ஓட்டுநரைச் சுட்டார்கள். மறுநாள் அந்தத் தேர்தலைத் தள்ளிவைக்கக் கோரிய மனுவை விசாரிக்கப் போதுமான நீதிபதிகள் வரவில்லை.)

2022 தேர்தலில் ஆணையம் செய்த ஒரு காரியம் எனக்கு இன்னும் பிடிக்கும். ஒவ்வொரு சாவடியிலும் கையெழுத்தான முடிவுப் படிவத்தை அப்படியே ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டார்கள், 46,000-க்கு மேல். ஊடகங்கள் தனித்தனியாகக் கூட்டின, வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவும் வழி இருந்தது. ஆணையர்கள் ஏழு பேரில் நான்கு பேர் முடிவை ஏற்க மாட்டோம் என்று வெளியே வந்து பேட்டி கொடுத்தபோதும் படிவங்கள் அங்கேயே இருந்தன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்த மாதிரி விஷயத்துக்குக் காசு கொடுங்கள் என்பேன். தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பு வந்து இறங்கி, முடிவு வந்த வாரமே விமானம் ஏறுகிற பணத்தால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை.

கண்துடைப்பா என்ற கேள்விக்கு எகிப்தைப் பாருங்கள். 2011 டிசம்பரில் அங்கே ஜனநாயகத் திட்டங்கள் நடத்திய அமைப்புகளின் அலுவலகங்களில் சோதனை போட்டார்கள், அமெரிக்க நிதியில் இயங்கியவையும் அதில் அடக்கம். ஊழியர்கள் மீது வழக்கு. அந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2012 மார்ச்சில், ஜனநாயக நிபந்தனைகளைத் தளர்த்தி 130 கோடி டாலர் ராணுவ உதவியை அமெரிக்கா விடுவித்தது. 2013 ஜூனில் 43 பேருக்குத் தண்டனை. தீர்ப்பு வருமுன்பே வெளிநாட்டவர்கள் பெரும்பாலும் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள், உள்ளூர் ஊழியர்கள்தான் மாட்டினார்கள். மறுவிசாரணை முடிந்து விடுதலை வருவதற்கு 2018 டிசம்பர் ஆகிவிட்டது.