லாஸ் வேகஸில் ஒரு பெண் தனியாகப் போக்கர் மேசையில் உட்காரலாமா?

கேள்வி: லாஸ் வேகஸ் செல்லவிருக்கிறேன். சிறிய தொகை வைத்து நேரில் போக்கர் ஆடிப் பார்க்க ஆசை. பெண் என்றால் மேசையில் ஏளனமாகப் பார்ப்பார்களா? மறக்க முடியாத அனுபவம் யாருக்காவது உண்டா?

பார்ப்பார்கள். பார்க்கட்டும், லாபம் உங்களுக்குத்தான்.

உங்கள் கணவருக்கு இதில் ஆர்வமில்லை, வீட்டில் யாரிடமும் சொல்லவும் முடியாது என்று ஊகிக்கிறேன். என் நிலையும் அதுதான். நான் போனபோது என் கணவர் அறையில் தூங்கப் போய்விட்டார். எனக்குத் துணையாக வந்தவர் என் கொழுந்தனார். 'அண்ணியைத் தனியாக விடக்கூடாது' என்ற கவலை அவருக்கு.

நான் உட்கார்ந்தது ஒன்றுக்கு மூன்று டாலர் மேசை. அங்கே ஆடுவதிலேயே சிறிய ஆட்டம் கிட்டத்தட்ட அதுதான். சீட்டைப் பார்க்கும் முன்பே ஒருவர் ஒரு டாலரும் அடுத்தவர் மூன்று டாலரும் கட்டாயமாக வைக்க வேண்டும். நான் முந்நூறு டாலருக்குச் சில்லு வாங்கினேன். போனால் போகட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த பணம் அது.

என் வலப்பக்கம் கறுப்புக் கண்ணாடியும் ஹெட்போனும் அணிந்த ஓர் இளைஞன். நான் உட்கார்ந்ததுமே, ஒரே இனத்தில் ஐந்து சீட்டு வந்தால் அதற்குப் பெயர் ஃப்ளஷ் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தான். பள்ளி விடுமுறையில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் ரம்மி ஆடி வளர்ந்தவள் நான். தலையை மட்டும் ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

நள்ளிரவு தாண்டி, ஆளுக்குக் கொடுக்கும் இரண்டு சீட்டில் எனக்கு இரண்டும் ஏழாக வந்தது. கடைசியாக முடிவெடுக்கும் இடம் என்னுடையது. இந்த ஆட்டத்தில் அதைவிட நல்ல இடம் கிடையாது. என் முன்னால் 280 டாலர் இருந்தது. இளைஞன் 15 டாலராக உயர்த்தினான். நானும், எதிரே இருந்த முதியவரும் அதே தொகையை வைத்துத் தொடர்ந்தோம். எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விழுந்த முதல் மூன்று சீட்டுகள்: ஹார்ட்டின் ராஜா, கிளாவர் ஏழு, ஹார்ட்டின் இரண்டு. கையில் ஜோடி இருக்கும்போது மூன்றாவது அங்கே விழுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒருமுறைதான். இளைஞன் 30 வைத்தான். நான் தொடர்ந்தேன், முதியவர் சீட்டைக் கவிழ்த்தார். நான்காவது சீட்டு ஸ்பேட் நான்கு. அவன் 70 வைத்தான், நானும் வைத்தேன். இங்கேயே உயர்த்தியிருக்க வேண்டும் என்று சொல்ல ஆள் வருவார்கள். பாடம் எடுத்த பிள்ளை தானாகப் பணம் போட்டுக்கொண்டிருந்தான், நான் ஏன் தடுக்க வேண்டும்?

ஐந்தாவதாக விழுந்தது ஹார்ட்டின் ஒன்பது. இளைஞன் சில்லைத் தொடவில்லை. நாற்காலியில் சாய்ந்து "ஆல் இன்" என்றான், அதாவது முன்னால் இருப்பது மொத்தமும் பந்தயம்.

என்னிடம் மிச்சம் 165 டாலர். யோசித்தேன். முதலில் உயர்த்தி, ராஜா விழுந்ததும் விடாமல் பணம் போடுகிறவன் கையில் என்ன இருக்கும்? ஏஸும் ராஜாவும் இருக்க 12 வழி. இரண்டு ஏஸ் இருக்க 6 வழி. இரண்டு ராஜா இருந்தால் மேசையில் உள்ளதோடு மூன்றாகி நான் தோற்றேன், ஆனால் அதற்கு 3 வழிதான். மிச்சம், ஹார்ட்டின் இரண்டு சீட்டு வைத்து ஃப்ளஷ் சேர்த்திருக்கும் சில கைகள். கணக்கு என் பக்கம்.

அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது: "அண்ணி, விட்டுவிடுங்கள். அவனிடம் ஹார்ட்டின் இருக்கிறது."

சீட்டுப் போடும் பெண் கையை உயர்த்தினாள். ஆட்டம் நடக்கும்போது ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது, ஒரு கையை ஒருவர்தான் ஆட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள். கொழுந்தனாரை நாலு பேர் முன்னால் ஒருவர் வாயை மூடச் சொன்னது எங்கள் குடும்ப வரலாற்றில் அதுவே முதல் முறை.

இந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தன அல்லவா? அதில் பணம் போட்டவர் இவர். 'மாதம் பிறந்தால் வருமானம், துளியும் ஆபத்தில்லை' என்று சொல்லி என் வளையல்களையும் வாங்கி அடகு வைத்தார். வளையல் இன்றுவரை திரும்பி வரவில்லை. அது முதலீடாம். நான் சொந்தச் சம்பளத்தில் ஆடுவது சூதாம். ஒவ்வொரு விசேஷத்திலும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார், நான் பந்தியில் பரிமாறிக்கொண்டே கேட்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "கால்" என்றேன், அதாவது ஈடாக நானும் வைக்கிறேன் என்று. உடனே இளைஞன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சும்மா சொன்னேன், சில்லை நகர்த்தவே இல்லையே என்றான். மேற்பார்வையாளர் வந்தார். தன் முறை வந்தபோது வாயால் சொன்னது சொன்னதுதான், சில்லு நகர்ந்ததா என்பது கேள்வியே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அவன் விரித்தது ஏஸும் ராஜாவும். என் மூன்று ஏழுக்கு எதிரே வெறும் ஒரு ஜோடி ராஜா. என் ஏழுகளைப் பார்த்துவிட்டு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். மொத்தம் 579 டாலர். சூதாட்ட விடுதி பிடிக்கும் கட்டணமும் சீட்டுப் போட்ட பெண்ணுக்கு நான் கொடுத்த அன்பளிப்பும் போக மற்றதெல்லாம் என் பக்கம் வந்தது.

சூதாட்டத்துக்கு விளம்பரம் செய்கிறாள் என்று கீழே எழுத வருபவர்களுக்கு ஒன்று. கைப்பேசியில் பணம் வைத்து ஆடுவதை 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது; அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நேரில் மணிக்கு இருபத்தைந்து, முப்பது கைகள்தான் ஆட முடியும். அதிலும் ஒரு கை தொடங்கும்போது மேசையில் என்ன இருக்கிறதோ அதற்கு மேல் பந்தயம் இல்லை. நடுவில் பையைத் திறக்க முடியாது, நாட்டையும் மனைவியையும் வைக்க முடியாது. தருமன் ஆடிய சபையில் இந்த ஒரு விதி மட்டும் இருந்திருந்தால் பாஞ்சாலி தப்பித்திருப்பாள். அதற்காக, கடன் வாங்கி ஆடலாம் என்று நான் சொன்னதாகத் திரிக்காதீர்கள்.

நீங்கள் தாராளமாகப் போகலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டுக் காத்திருந்தால் கூப்பிடுவார்கள். உங்கள் முறை வரும்வரை வாயைத் திறக்காதீர்கள். கொழுந்தனார் இருந்தால் அவரை அறையிலேயே விட்டுச் செல்லுங்கள். என்னுடையவர் ஈரோட்டில் இப்போது சொல்லிக்கொண்டு திரிவது, "நான்தான் அண்ணியைத் தைரியமாக ஆடச் சொன்னேன்" என்று.